சுமையைக் குறை, செய்தியை மறைக்காதே!

மயூர் விஹாரில் என் மாமா வைத்திருப்பது பழைய கார். அதன் ஸ்டீயரிங்கிற்குத் துணை செய்வது எண்ணெய் அழுத்தம், ஹைட்ராலிக் என்பார்கள். அடுத்த வீட்டு அண்ணன் வாங்கியிருப்பது புதிய, வேகமான கார். அதற்குத் துணை மின்மோட்டார். சென்ற மழைக்காலத்தில் இரண்டையும் நொய்டா சாலையில் ஓட்டும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது.

ஒரு வளைவில் தண்ணீர் தேங்கியிருந்தது. மாமாவின் கார் அதைத் தொட்டதும் ஸ்டீயரிங் என் கையில் சட்டென்று இலேசாயிற்று. "பிடி போகப் போகிறது, மெல்லப் போ" என்று சொல்வது போலிருந்தது. மறுநாள் புதிய காரில் அதே வளைவு. கைக்கு ஒரு செய்தியும் வரவில்லை. கார் வழுக்கிய பிறகே தெரிந்தது. அடி ஒன்றும் படவில்லை. ஆனால் அச்சம் இன்னும் அகலவில்லை.

டயரும் எடையும் வேறான இரண்டு கார்களை வைத்து முடிவு கட்டலாமா என்று கேட்பீர்கள். ஒருநாள் அனுபவம் சோதனையாகாதுதான். ஆனால் அதற்குப் பின்னால் பௌதிகம் இருக்கிறது. வளைவில் திரும்பிய முன்சக்கரம் நேர்நிலைக்கு மீள முயல்கிறது. அந்த விசையே நம் கைக்கு எட்டுகிறது. டயர் தன் பிடியின் எல்லையை அடையும் முன்னரே அவ்விசை குறையத் தொடங்குகிறது. ஆபத்துக்கு முன் வரும் அறிவிப்பு அது! மின்துணையிலோ, மோட்டாரின் நிலைமமும் பற்சக்கரங்களின் உராய்வும் அதை மழுங்கடிக்கக்கூடும். மிஞ்சியதையும் கணிப்பொறி நிரல் வடிகட்டிவிடக்கூடும்.

அப்படியானால் பழையதே நன்று என்போமா? அதுவும் தவறு. 1951-இல் அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த எண்ணெய்த் துணையில், கார் நேரே ஓடும்போதும் பம்பு எஞ்சினின் ஆற்றலைத் தின்றுகொண்டேயிருக்கும். மின்மோட்டாரோ தேவைப்படும்போது மட்டுமே உழைக்கும், எரிபொருள் மிச்சம். அதனால் போர்ஷே 911 கூட 2011-இல் மின்துணைக்கு மாறிற்று. ஃபெராரி 2017-இல் தன் 812 சூப்பர்ஃபாஸ்ட் காரில் மாறிற்று. மக்லாரனோ 2023-இல் வெளியிட்ட 750எஸ் காரிலும் எண்ணெயை விடவில்லை. உலகின் சிறந்த பொறியாளர்களே இரு கட்சியாக நிற்கிறார்கள்!

இந்த வழக்கில் நமக்கு வழிகாட்டும் விதியொன்று உண்டு. அதைத் தேடி நெடுந்தொலைவு போக வேண்டாம். நம் பக்கத்துக் கிரேட்டர் நொய்டாவில் 2011 முதல் 2013 வரை ஃபார்முலா ஒன் பந்தயம் நடந்தது. கோவை தந்த நரேன் கார்த்திகேயன் முதலிரண்டு ஆண்டுகளில் அங்கே ஓட்டினார். அப்பந்தய விதி, மின்சாரத்தால் இயங்கும் ஸ்டீயரிங் துணையைத் தடுத்தது. அத்துடன் நில்லாமல், அத்துணை ஓட்டுநரின் உடலுழைப்பைக் குறைப்பதன்றி வேறெதுவும் செய்யலாகாது என்றும் வரையறுத்தது.

முதற்பகுதி பந்தயத்தோடு போகட்டும். இரண்டாம் பகுதி எல்லா வேகக் கார்களுக்கும் வேண்டும் என்பேன். குற்றம் மின்சாரத்தில் இல்லை. உதவ வந்தவன் வாயையும் பொத்துகிறானே, அதில் இருக்கிறது. எவ்வளவு செய்தி கைக்கு வர வேண்டும் என்பதை மோட்டார் தீர்மானிப்பதில்லை. அதற்கு நிரல் எழுதும் மனிதன் தீர்மானிக்கிறான்.

அந்த மனிதன் யார்? நாளை நம்மில் ஒருவனாக இருக்கலாம், ஒருத்தியாகவும் இருக்கலாம். சென்னையில் 1929-இல் தோன்றிய ரானே குழுமம் எண்ணெய்த் துணை, மின்துணை இரண்டுக்கும் தொழிலகம் கண்டது. இத்துறை நமக்கு அந்நியமன்று. "ஓட்டுவது சுகமாக இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டு நிரல் எழுதாதீர்கள், "உண்மை கைக்கு எட்டுகிறதா?" என்றும் கேளுங்கள்.

மாமாவின் கார் ஒருநாள் போகத்தான் போகிறது; போகட்டும். ஆனால் அந்த மழைநாளில் அது என் கைக்குச் சொன்னதைச் சொல்லப் புதிய கார் கற்றுக்கொள்ள வேண்டும். கற்பிக்க வேண்டியவர்கள் நாமே!