இழுபடும் காருக்கும் பிரேக் வேண்டும்

அமெரிக்காவில் வீடாக அமைந்த மோட்டார் வண்டிகளில் நெடும்பயணம் செல்வோர் பலர், பின்னால் ஒரு காரையும் அதன் நான்கு சக்கரங்களும் சாலையில் உருள இழுத்துச் செல்கின்றனர். அதை அவர்கள் 'டோட்' என்பர். இழுக்கப்பட்டது என்பதற்கும் தேரை என்பதற்கும் ஆங்கிலத்தில் ஒலி ஒன்றே என்பதால் பிறந்த சிலேடை இது. பெயரிலுள்ள விளையாட்டுத்தனம் பிரேக்கிலும் தொடர்வதுதான் கவலைக்குரியது.

10 டன் வண்டியோடு 1.5 டன் கார் சேர்ந்தால், அதே வேகத்தில் அடக்க வேண்டிய இயக்க ஆற்றல் 15 விழுக்காடு கூடுகிறது. "பெரிய வண்டிக்கு இது ஒரு பொருட்டா?" என்போர், நீண்ட மலை இறக்கத்தில் பிரேக் சூடேறி வலுவிழப்பதை மறந்துவிடுகின்றனர்.

எஞ்சின் அணைந்த காரில், பிரேக்குக்குத் துணைநிற்கும் வெற்றிடம் பெரும்பாலும் சில மிதிகளிலேயே தீர்ந்து, மிதி இறுகிவிடும். ஆகவே மிதியை அழுத்தும் கருவியைப் பொருத்துவதோ, முன்வண்டியிலிருந்து வெற்றிடக் குழாய் இணைப்பதோ தவறன்று, தேவையே. ஆனால், 'வண்டி நின்றது' என்பது மட்டும் போதுமான சோதனை ஆகாது. இணைப்பு அறுந்தால் கார் தானே பிரேக் பிடிக்குமா? ஓட்டுநர் அறியாமல் பிரேக் இலேசாகப் பிடித்தபடியே சென்றால், அது சூடேறித் தீப்பற்றும் முன் எச்சரிக்கை கிடைக்குமா? கழற்றி ஓட்டும்போது காரின் சொந்த பிரேக் பழுதின்றி இயங்குமா?

இம்மூன்றுக்கும் விடையில்லாத மாற்றம் சிக்கனமன்று. மிச்சமாகும் பணத்துக்கான விலையை, எதிரே வரும் முன்பின் அறியாத ஒருவர் தம் உயிரால் செலுத்த நேரிடலாம்.