எந்தப் பார்வை வேண்டும் என்று எங்கள் மக்களையும் கேளுங்கள்

கண்புரை அறுவைச் சிகிச்சை இலவசமாகக் கிடைப்பது பெரிய விஷயம்தான். 1992இல் மதுரையில் ஆரோலேப் தொடங்கி, உள்விழி லென்ஸை இங்கேயே தயாரித்த பிறகுதான் அதன் விலை பல மடங்கு குறைந்தது. முகாமுக்கு வரும் ஏழைக்கும் லென்ஸ் வைக்க முடிந்தது. சேரியிலிருந்து ஆட்களை வேன் ஏற்றி அனுப்பும் வேலையை நம்மில் பலரும் செய்திருக்கிறோம். ஆனால் இலவசமாகக் கிடைப்பதைக் கேள்வி கேட்கக் கூடாது என்ற கூச்சம் நமக்குள்ளும் இருக்கிறது. அதைத்தான் முதலில் விட வேண்டும்.

டோரிக் லென்ஸை எடுத்துக்கொள்வோம். கருவிழியின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே சீராக இல்லாவிட்டால் பார்வை கலங்கலாக இருக்கும். கண்ணாடிக் கடையில் இதைச் சிலிண்டர் பவர் என்பார்கள். சாதாரண லென்ஸ் வைத்தால் புரை போகும். கருவிழியின் சிலிண்டர் நிற்கும். அதையும் சேர்த்துச் சரிசெய்யத்தான் டோரிக் லென்ஸ். காசு கட்டுகிறவரை உட்காரவைத்து இதை விளக்குவார்கள். முகாமில் வந்தவரிடம் பெரும்பாலும் அந்தப் பேச்சே எழாது.

எல்லோருக்கும் டோரிக் வை என்று நாம் கேட்கவில்லை. சிலிண்டர் குறைவாக இருந்தால் அது தேவையில்லை. மேலும் அந்த லென்ஸ் குறித்த கோணத்திலேயே நிற்க வேண்டும். ஒரு டிகிரி விலகினால் சுமார் 3 சதவீதப் பலன் போகும். 30 டிகிரி விலகினால் பலனே இல்லை. கிட்டப்பார்வை அதிகமுள்ளவர்களின் கண் நீளமானது. அதற்குள் லென்ஸ் திரும்பிவிடும் வாய்ப்பும் கூடுதல். ஆகவே இதை மருத்துவர் கண்ணை அளந்து பார்த்து முடிவுசெய்ய வேண்டும். ஆளின் சட்டையையும் ஊரையும் பார்த்தல்ல.

செலவே இல்லாத ஒன்றும் இருக்கிறது. கிட்டப்பார்வைக்காரர்களுக்குக் கண்ணாடி இல்லாமலே பக்கத்தில் இருப்பது தெரியும். பீடி சுற்றுவதும் பூ கட்டுவதும் துணி தைப்பதும் அந்தப் பார்வையில்தான். தூரப் பார்வைக்கான பவரில் லென்ஸ் வைத்துவிட்டால் பஸ் நம்பர் தெரியும். ஊசியில் நூல் கோக்கக் கண்ணாடி தேட வேண்டும். கொஞ்சம் கிட்டப்பார்வை மிஞ்சும்படியும் லென்ஸின் பவரைத் தேர்ந்தெடுக்கலாம். அதற்கு, "என்ன வேலை பாக்குறீங்கம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். அந்த ஒரு வார்த்தையைக் கேட்காமல் விடுவதன் பின்னால், 'கைநாட்டுக்கு எந்தப் பார்வையாக இருந்தால் என்ன' என்ற நினைப்பு இருக்கிறது. சாதி இப்படியும் வேலை செய்யும். யாரும் யாரையும் திட்டியிருக்க மாட்டார்கள்.

தோழர்களே, அடுத்த முகாமில் நிற்கும்போது நாம் கேட்க வேண்டியவை இவை. கருவிழியின் வளைவை அளந்தீர்களா? சிலிண்டர் எவ்வளவு? வெட்டும் இடத்தை மாற்றி அதைக் குறைக்க முடியுமா? டோரிக் தேவைப்பட்டால் இவருக்கும் உண்டா? என்ன பவர் லென்ஸ் வைத்தீர்கள் என்று சீட்டில் எழுதித் தருவீர்களா? காயம் ஆறியபின் மீதிச் சிலிண்டருக்குக் கண்ணாடி கிடைக்குமா?

எத்தனை பேருக்கு ஆபரேஷன் ஆனது என்ற கணக்கு முகாம் நடத்துகிறவர்களிடம் இருக்கும். எத்தனை பேர் தங்கள் வேலைக்குத் திரும்பினார்கள் என்ற கணக்கை நாம்தான் தெருத்தெருவாகப் போய் எடுக்க வேண்டும்.