ஈற்றடியும் கதைக்கருவும்

செய்யுளின் கடைசி அடியை மட்டும் புலவருக்குக் கொடுத்து, அதற்கு முன்வர வேண்டிய அடிகளை அவையிலேயே இயற்றி முடிக்கச் சொல்லும் வழக்கம் தமிழில் ஈற்றடிக்குப் பாடுதல் என்றும், வடமொழியிலும் மலையாளத்திலும் சமஸ்யாபூரணம் என்றும் பெயர் பெற்றது. இதை வெறும் சொல்விளையாட்டு என்று இலக்கிய வரலாறு ஒதுக்கிவைத்ததால், எழுத்தாளர் வட்டங்கள் இன்று ஒரு பொருளையோ ஓர் இடத்தையோ ஒரு வாக்கியத்தையோ கருவாகக் கொடுத்து எல்லோரையும் சிறுகதை எழுதச் சொல்லும்போது, அம்முயற்சியும் தொடக்க எழுத்தாளருக்கான பயிற்சி என்ற அளவிலேயே நின்றுவிடுகிறது.

திருவிதாங்கூர்த் தமிழுக்கு இம்மரபில் தனிப் பங்கு உண்டு. திருவனந்தபுரத்திலிருந்து அரசாளப்பட்ட நிலப்பகுதியாக 1956 வரை இருந்த நாகர்கோவிலை ஒட்டிய இடலாக்குடியில் 1874-இல் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், ஒரே அமர்வில் நூறு வகைக் கேள்விகளையும் செயல்களையும் நினைவில் நிறுத்தி விடை சொல்லும் சதாவதானத்தை 1907-இல் சென்னையில் நிகழ்த்திச் சதாவதானி என்று அழைக்கப்பட்டவர். இசுலாமியரான அவரிடம், துருக்கனுக்கு இராமன் துணை நிற்பதாகப் பொருள்படும் ஈற்றடி ஒன்று கொடுக்கப்பட்டதாகவும், முந்திய அடியின் முடிவில் ‘சத்’ என்னும் அசையை நிறுத்தி, அந்தத் துருக்கனை இராமனின் தம்பி சத்துருக்கனாக அவர் மாற்றிவிட்டதாகவும் தென்குமரி நாட்டில் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. கொடுத்த அடியில் ஓர் எழுத்தைக்கூட மாற்றும் உரிமை அவருக்கு இல்லை. ஆனால் அதற்கு முன்னால் எதை வைப்பது என்பதில் முழு உரிமையும் இருந்தது. வழக்கமான வழி அடைபட்டபோது, தானாக ஒருபோதும் தேடிப் போயிருக்க முடியாத ஒரு வழியை அவருடைய புலமை கண்டுகொண்டது.

வெண்பாவுக்கு ஈற்றடி கொடுக்கப்படாவிட்டாலும் தளை இருக்கிறது, ஓசை இருக்கிறது. புலவனை எதிர்த்து நிற்க அவற்றில் ஏதேனும் ஒன்று எப்போதும் உண்டு. சிறுகதைக்கு யாப்பு கிடையாது என்பதால், எதிர்ப்பே இல்லாத அந்த வெளியில் எழுதுபவர் பெரும்பாலும் தமக்குப் பழகிய நினைவுகளையும் பழகிய முடிவுகளையுமே திரும்பத் திரும்ப நாடுகிறார். வெளியிலிருந்து வரும் கரு, யாப்பு இல்லாத ஒரு வடிவத்திற்குத் தற்காலிக யாப்பாக நின்று உதவுகிறது என்பதே அதன் முதற்பயன். ஆனால் ‘தாய்மை’, ‘மனிதநேயம்’, ‘நேர்மை’ போன்ற பண்புப் பெயர்களைக் கருவாகக் கொடுப்பவர்கள் இதைக் கெடுத்துவிடுகிறார்கள். அச்சொற்கள் கதையின் முடிவையும் சேர்த்தே கொடுத்துவிடுவதால், எழுதுபவர் கண்டறிய எதுவும் மிஞ்சுவதில்லை.

கருவை எவ்வளவு பருப்பொருளாகக் கொள்ளலாம் என்பதற்குத் திருவனந்தபுரத்திலேயே சான்று இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய சாலைக் கம்போளத்தில், அதாவது கிழக்கேகோட்டையை அடுத்து நீளும் கடைத்தெருவில், பாத்திரக்கடை நடத்திவந்த ஆ. மாதவன் (1934–2021) அந்த ஒரு தெருவையே தம் எழுத்தின் நிலையான கருவாக வைத்துக்கொண்டார். சுமைதூக்கிகள், சில்லறைத் திருடர்கள், எடுபிடிகள், விலைமாதர் என்று அங்கே நடமாடியவர்களைப் பற்றிய அவருடைய ‘கடைத்தெருக் கதைகள்’ தொகுப்பைப் படிப்பவருக்கு, எல்லை சுருங்கியதால் கதைகள் சுருங்கவில்லை என்பது எளிதில் விளங்கும். தெரு மாறாமல் இருந்ததாலேயே, ஒவ்வொரு மனிதனின் பசியும் சூதும் ஒன்றிலிருந்து மற்றொன்று வேறுபட்டுத் தெரிகின்றன. அவரிடம் யாரும் கரு கொடுக்கவில்லை. கடையின் கல்லாவில் உட்கார்ந்து பார்த்த தெரு அதைக் கொடுத்தது என்பதே வேறுபாடு.

தனி எழுத்தாளருக்குத் தெரு செய்ததை ஒரு வட்டத்திற்குப் பொதுக்கரு செய்ய முடியும். 1816-இல் ஜெனீவா ஏரிக்கரையில் கூடிய நண்பர்களிடம் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்று பைரன் சொன்னதிலிருந்து, பதினெட்டு வயது மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ பிறந்தது. புகழ்பெற்ற கவிஞர்களான பைரனும் ஷெல்லியும் தங்கள் கதைகளை முடிக்கவே இல்லை. ஒரே கருவிலிருந்து வந்த கதைகளை அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போது கதைப்பொருள் எல்லாருக்கும் பொதுவாகிவிடுவதால், அவரவருக்கே உரிய பார்வைக்கோணம், கதை தொடங்கும் இடம், சொல்லாமல் விடப்பட்ட பகுதி ஆகியவை மறைவின்றி வெளிப்படுகின்றன. புதுமைப்பித்தன் அகலிகைக் கதையை இருமுறை எடுத்தாண்டதை இங்கே நினைவுகூரலாம்: ‘அகல்யை’ மனத்தூய்மையே கற்பு என்ற தெளிவுக்குக் கௌதமரைக் கொண்டுசேர்க்கிறது, ‘சாபவிமோசன’த்திலோ, சீதையைத் தீக்குளிக்கச் சொன்ன செய்தியைக் கேட்டு அகலிகை மீண்டும் கல்லாகிறாள். கதைப்பொருள் மாறவில்லை; ஆசிரியன் வளர்ந்த தொலைவு இரண்டுக்கும் இடையில் கிடக்கிறது.

கேரளத்தில் கொடுத்த பொருளில் கதை எழுதுவதற்கு மிகப்பெரிய களம், 1957-இல் எறணாகுளத்தில் தொடங்கி 2025 ஜனவரியில் 63-ஆம் முறையாகத் திருவனந்தபுரத்தில் நடந்த பள்ளிக் கலோத்சவமே. போட்டி அறையில் பொருளைக் கொடுத்து, வரையறுத்த நேரத்திற்குள் கதையை எழுதி முடிக்கச் சொல்லும் ‘கதாரசனை’ அங்கே ஒரு போட்டி. எத்தனையோ பிள்ளைகளை முதன்முதலாகக் கதை எழுதவைத்த பெருமை அதற்கு உண்டு. எனினும் மதிப்பெண் இட்டவுடன் போட்டியின் வேலை முடிந்துவிடுகிறது. ஒரே பொருளில் எழுதிய பிள்ளைகள் ஒருவர் கதையை ஒருவர் படித்து விவாதிப்பது அதன் நோக்கம் அன்று. சிற்றிதழும் அதைச் சுற்றிய வட்டமும் செய்யக்கூடியது இதுதான். போட்டி நின்றுவிடும் இடத்திலிருந்து தொடங்குவது.

ஆகவே அடுத்த இதழுக்கு ஒரு கரு முன்வைக்கப்படுகிறது. பத்மநாபசுவாமி கோயிலின் எதிரே, தாடிக்காரர் ஒருவரின் கன்னங்களில் இரண்டு ஆட்டுக்கடாக்கள் மணிதோறும் வந்து முட்டும் மேத்தன் மணியைத் திருவனந்தபுரத்துத் தமிழர் அறிவர். அம்மணி ஒரு நண்பகலில் அடிக்காமல் போகிறது. கதைக்குள் இது நிகழ வேண்டும். கடிகாரத்தைக் காலத்தின் குறியீடாக ஆக்குவதைத் தவிர்ப்பது நல்லது. அதன் ஓசையை நம்பி அன்று ஏதோ ஒன்றைச் செய்யவிருந்த ஒரு மனிதரிலிருந்து தொடங்குவது இன்னும் நல்லது. ஆயிரம் சொற்களுக்கு மேற்படாத கதைகளை எழுதி அனுப்புக. வரும் கதைகள் எழுதியவரின் பெயர் இல்லாமல் வட்டத்தின் கூட்டத்தில் அடுத்தடுத்து வாசிக்கப்படும். பெயர்கள் விவாதம் முடிந்த பிறகே அறிவிக்கப்படும்.