டீக்கடையில் கேட்டிருக்கலாமே!

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்ட விஷயம் இது.

எங்கள் ஊர் கரையாம்புத்தூர், பாகூர் கொம்யூன். இங்கே ஒரு பெண்ணுக்கு வரன் வந்தால், மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருத்தர் முதலில் டீக்கடைக்குத்தான் வருவார். ஒரு டீ சொல்லிவிட்டு "அந்த வீட்டுக்காரங்க எப்படிங்க?" என்று மெதுவாக ஆரம்பிப்பார். அவர் திரும்ப பஸ் ஏறுவதற்குள் பெண் வீட்டுக்குச் சேதி போய்விடும். இதுவும் வேவுதான், எனக்குப் பிடிக்காது. ஆனால் கேட்டவர் முகமும் சொன்னவர் முகமும் ஊருக்கே தெரியும். எவனாவது தப்பாகச் சொல்லியிருந்தால் மறுநாளே சட்டையைப் பிடித்துக் கேட்கலாம்.

இரண்டு வருஷம் முன்பு எங்கள் தெரு அக்கா ஒருத்தருக்குப் பேசி முடித்த வரன் திடீரென்று நின்றுபோனது. காரணம் சொல்லவில்லை. பல மாதம் கழித்துத் தரகர் வழியாகக் கசிந்தது. மாப்பிள்ளை வீட்டார் காசு கொடுத்துத் துப்பறியும் ஆள் வைத்திருந்தார்களாம். அக்கா ஒரு பையனோடு பைக்கில் போனதை அந்த ஆள் போட்டோ எடுத்துக் கொடுத்திருக்கிறான். பையன் யார் தெரியுமா? அக்காவின் சித்தப்பா மகன்! டீ மாஸ்டரைக் கேட்டிருந்தால் அரை நிமிஷத்தில் சொல்லியிருப்பார்.

இந்தத் தொழிலுக்கு என்ன சட்டம் இருக்கிறது என்று தேடினேன். செக்யூரிட்டி ஏஜென்சிகளுக்கு 2005லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. துப்பறியும் ஏஜென்சிகளுக்காக 2007ல் மாநிலங்களவையில் ஒரு மசோதா வந்தது, அது சட்டமாகவே இல்லை. ஏடிஎம் வாசலில் உட்காரும் காவலாளிக்கு உள்ள விதி, நம் பின்னால் கேமராவோடு வருகிறவனுக்குக் கிடையாது! போட்டோவோடு நின்றால் பரவாயில்லை. 2018ல் மகாராஷ்டிரத்தின் தானே போலீஸ், மற்றவர்களின் செல்போன் அழைப்புப் பட்டியலைத் திருட்டுத்தனமாக வாங்கி விற்றதாகத் தனியார் துப்பறிவாளர்கள் சிலரைக் கைது செய்தது.

அந்தரங்க உரிமை நம் நாட்டில் இல்லாமல் இல்லை. ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் வெளியிடுவது பற்றிய வழக்கில் 1994லேயே உச்ச நீதிமன்றம் அதைப் பேசியது. 2017ல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அது அடிப்படை உரிமை என்றே சொல்லிவிட்டார்கள். 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், 2011ல் மத்திய அரசு போட்ட ஒரு போன் ஒட்டுக்கேட்பு உத்தரவை ரத்து செய்தது. எல்லாம் சரி. ஆனால் இவையெல்லாம் பெரும்பாலும் அரசாங்கம் எட்டிப் பார்ப்பதைப் பற்றியவை. எங்கள் ஊர்ப் பெண்ணின் போனை டெல்லியிலிருந்து யாரும் ஒட்டுக்கேட்கப் போவதில்லை. எட்டிப் பார்ப்பது அண்ணன், புருஷன், வரப்போகிற மாமியார்!

அந்த வகையில் எனக்குப் பிடித்தது 2024 அக்டோபரில் மதுரைக் கிளை சொன்ன தீர்ப்பு. பரமக்குடி கோர்ட்டில் நடந்த விவாகரத்து வழக்கு. மனைவிக்குத் தெரியாமல் அவர் போன் அழைப்புப் பட்டியலை எடுத்துக் கணவர் சாட்சியமாகக் கொடுத்தார். நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், கணவன் மனைவிக்குள்ளும் அந்தரங்க உரிமை உண்டு, அதை மீறி எடுத்தது செல்லாது என்றார். ஆனால் 2025 ஜூலையில் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம், கணவன் மனைவி பேச்சை ஒருவர் ரகசியமாக ரெக்கார்டு செய்திருந்தாலும் விவாகரத்து வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று சொல்லிவிட்டது.

அந்தத் தீர்ப்பை முழுசாகத் திட்டவும் எனக்கு மனசு வரவில்லை. அடித்து மிரட்டுகிற புருஷனின் பேச்சை ரெக்கார்டு செய்யும் பெண்ணுக்கு அதைவிட்டால் வேறு என்ன சாட்சி இருக்கிறது? நாலு சுவருக்குள் நடப்பதை வேறு யார் பார்த்தார்கள்? ஆனால் என்னிடம் ஒருத்தர் பேசியதை நான் பதிவு செய்வது வேறு. அவர் இன்னொருவரிடம் பேசியதை நான் தோண்டி எடுப்பது வேறு. முதலாவதை அனுமதித்ததைக் காட்டி இரண்டாவதையும் உள்ளே விட்டுவிடக் கூடாது. ஆள் வைத்து எடுக்கும் போட்டோவும் என்னைக் கேட்டால் இரண்டாவது வகைதான்.

அக்காவின் போட்டோ இப்போது யார் கையில் இருக்கிறதோ! எந்த ஏஜென்சி என்றே தெரியாதபோது யாரிடம் போய்க் கேட்பது? சித்தப்பா மகன் வண்டியை நிறுத்தி "வாக்கா, போலாம்" என்றால்கூட அவர் ஏறுவதில்லை. பாகூருக்கு இப்போதெல்லாம் பஸ்ஸில்தான் போகிறார்.