பயிற்சி வேண்டும், பணிவுப் பாடம் வேண்டாம்



அண்மைக் காலமாக எமது தோட்டங்களில் ஒரு புதிய பேச்சு அடிபடுகிறது. உளவளப் பயிற்சி, ஆளுமை விருத்தி, மனப்பாங்கு மாற்றம் என்று அதற்குப் பல பெயர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைக் காம்பராவிலோ கோயில் மண்டபத்திலோ ஆட்களைக் கூட்டுகிறார்கள். ஒரு பனிஸும் தேத்தண்ணியும் கிடைக்கிறது. வெளியூரிலிருந்து வந்த ஒருவர் நான்கு மணித்தியாலம் பேசிவிட்டுப் போகிறார்.

இதைப் பற்றி எம்மவரிடையே இரண்டு கருத்துகள் உண்டு. "இது கம்பனிக்காரன் வேலை, போகவே கூடாது" என்கிறார்கள் சிலர். "சும்மா வருவதை ஏன் விடுவான்?" என்கிறார்கள் வேறு சிலர். இரண்டும் எமக்கு உடன்பாடில்லை. இந்தப் பயிற்சி எமக்குக் கட்டாயம் வேண்டும். அதனால்தான் எதைச் சொல்லித் தருவது, யார் சொல்லித் தருவது, எந்த நேரத்தில் நடத்துவது என்பதைத் தொழிலாளர்களே தீர்மானிக்க வேண்டும் என்கிறோம்.

முதலில், போகவே கூடாது என்பவர்களோடு பேசுவோம். "மனசுக்குப் பயிற்சி கொடுத்தால் அடுப்பு எரியுமா?" என்று கேட்கிறார்கள். கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு வாருங்கள். சாக்குப் பாரம் என்றும் ஈரம் என்றும் சொல்லிக் கிலோக்களைக் கழிக்கிறார்கள். இத்தனை கழிவு ஏன் என்ற கேள்வி வரிசையில் நிற்கும் ஒவ்வொரு பெண்ணின் மனதிலும் இருக்கிறது. வாய் திறந்து கேட்பவர் எத்தனை பேர்? கேட்டால் அரைப்பேர் விழுமோ, நாளைக்குக் கொழுந்தில்லாத மலைக்கு அனுப்புவார்களோ என்ற பயம் தொண்டையை அடைக்கிறது. அந்தப் பயத்தால் குறைவது அடுப்புக்குப் போக வேண்டிய காசுதான்.

இந்தப் பயம் எமது பிறவிக் குணமல்ல. துரைக்கு முன்னால் கைகட்டி நின்ற தலைமுறைகள் விட்டுச் சென்றது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் எமது மக்களை நாடற்றவர்களாக்கியது. மிஞ்சியிருந்தவர்களின் பிரச்சினைக்கு வழிசெய்யும் சட்டம் 2003இல்தான் வந்தது. கையில் ஒரு காகிதமும் இல்லாத மனிதர் உரத்துப் பேச எப்படித் துணிவார்? பழகிப்போன பயத்தைப் போக்கவும் பழக வேண்டும். கேள்வி கேட்பதற்கும், கூட்டத்தில் எழுந்து நின்று பேசுவதற்கும், அதட்டினால் நிதானம் இழக்காமல் பதில் சொல்வதற்கும் பயிற்சி வேண்டும்.

சங்கத்துக்கு இது புதிதும் அல்ல. கோ. நடேசய்யர் 1931இல் அட்டனில் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். அவர் பத்திரிகை நடத்தினார், துண்டுப் பிரசுரம் எழுதினார். அவரது துணைவியார் மீனாட்சி அம்மையார் பாட்டெழுதி, கூட்டங்களில் தாமே பாடினார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அந்தப் பாட்டைக் கேட்டுத் தம் நிலையை உணர்ந்தார்கள். ஆளுமை விருத்தி என்ற சொல் வருமுன்னரே அந்த வேலையைச் செய்தவர்கள் அவர்கள்.

இன்னொரு விஷயத்தையும் மூடி மறைக்காமல் பேச வேண்டும். ஒருவருக்குத் தூக்கம் போய்விடுகிறது, சாப்பாடு இறங்குவதில்லை, பெரட்டுக்கு வருவதை நிறுத்திவிடுகிறார், "நான் இருந்து என்ன?" என்கிறார். நாம் அதற்கு என்ன பெயர் வைக்கிறோம்? செய்வினை என்கிறோம், சோம்பல் என்கிறோம், குடி என்கிறோம். லயத்தில் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் அழுகிற சத்தம் எல்லோருக்கும் கேட்கிறது. போய் என்ன சொல்வது என்று எவருக்கும் தெரிவதில்லை. தாய் வெளிநாட்டில், தகப்பன் கடனில் என்றிருக்கும் பிள்ளை வகுப்பில் மேசைமேல் தலை சாய்த்துப் படுத்திருப்பதை ஆசிரியர்களாகிய நாம் பார்க்கிறோம். அந்தப் பிள்ளையை "மக்கு" என்று ஒதுக்காமல் பேச்சுக் கொடுக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் அது பள்ளிக்கூடத்தை விட்டு விலகாது. காது கொடுத்துக் கேட்கவும், ஆபத்தின் அறிகுறியைக் கண்டுகொள்ளவும், உரிய வைத்தியசாலைக்குக் கூட்டிப் போகவும் தெரிந்த இரண்டு பேர் ஒவ்வொரு டிவிசனிலும் இருக்க வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற உதவித் தொலைபேசி இலக்கம் ஒவ்வொரு லயத்துச் சுவரிலும் எழுதப்பட வேண்டும்.

இனி, சும்மா வருகிறதே என்பவர்களுக்கு. அது சும்மா வருவதில்லை. எமது ஓய்வு நாளை எடுத்துக்கொண்டு வருகிறது. ஞாயிறுதான் துணி துவைக்கவும் விறகு பொறுக்கவும் பெண்களுக்குக் கிடைக்கும் ஒரே நாள். ஆகவே, கொழுந்தெடுக்கும் பெண்கள் வராத பயிற்சியாக அது முடிகிறது. பிறகு, அங்கே சொல்லப்படும் பாடத்தைக் கவனியுங்கள். "உங்கள் எண்ணத்தை மாற்றுங்கள், வாழ்க்கை மாறும்." "செலவைக் குறைத்துச் சேமிக்கப் பழகுங்கள்." "கோபத்தை விடுங்கள்." ஒழுகுகிற கூரைக்குக் கீழே பாத்திரம் வைத்துவிட்டு விடிய விடிய விழித்திருப்பவருக்கு எண்ணத்தை மாற்றச் சொல்வது உபதேசமா, கேலியா? வாங்கும் சம்பளம் கடைக்கடனுக்கே போதாதபோது எதைச் சேமிப்பது? கோபத்தை அடக்கச் சொல்பவர்கள், கோபம் எதனால் வந்தது என்று ஏன் கேட்பதில்லை? வறுமைக்குக் காரணம் தொழிலாளியின் மனம்தான் என்று நம்பவைக்கும் பயிற்சி பயிற்சியல்ல. அது பழைய பணிவுப் பாடம்.

மனப்பாங்கு மாற வேண்டும் என்றால், மேலே இருப்பவர்களிடமிருந்து தொடங்கட்டும். தாய் வயதுள்ள பெண்ணை "நீ, வா, போ" என்று பேசுவதை விடவும், பெண் தொழிலாளியிடம் மரியாதையோடு நடக்கவும் உத்தியோகத்தர்களுக்குத்தான் முதல் வகுப்பு வைக்க வேண்டும்.

பண முகாமைத்துவம் சொல்லித் தரப் போகிறார்களா? நல்லது, சம்பளச் சிட்டையிலிருந்து தொடங்குவோம். 2024இல் நாட்சம்பளம் 1350 ரூபாய் ஆக்கப்பட்டது. அந்தக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஊழியர் சேமலாப நிதிக்கு எம்மிடம் கழிப்பது நூற்றுக்கு 8, அதாவது 108 ரூபாய். கம்பனி போட வேண்டியது நூற்றுக்கு 12, அதாவது 162 ரூபாய். ஒரு நாளைக்கு 270 ரூபாய். 25 நாள் வேலைக்கு 6750 ரூபாய். இதைவிட, ஊழியர் நம்பிக்கை நிதிக்குக் கம்பனி தனியாக நூற்றுக்கு 3 செலுத்த வேண்டும். இந்தக் கணக்கைத் தானே போட்டுப் பார்த்து, தன் பெயரில் அது சரியாகச் சேர்ந்திருக்கிறதா என்று கேட்கத் தெரிந்த தொழிலாளியை எவரும் எளிதில் ஏமாற்ற முடியாது. எமக்கு வேண்டிய தன்னம்பிக்கை இதுதான்.

ஆகவே, தோட்டக் கமிட்டிகள் நிர்வாகத்திடம் முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள் நான்கு.

ஒன்று: பயிற்சி வேலை நேரத்தில், முழுப்பேருடன் நடக்க வேண்டும். சம்பளத்துடனான கல்வி விடுமுறை பற்றிச் சர்வதேச தொழில் தாபனம் 1974இல் 140ஆம் இலக்கச் சமவாயத்தை நிறைவேற்றியது. தொழிற்சங்கக் கல்வியும் அதில் அடங்கும். நாம் கேட்பது தர்மம் அல்ல.

இரண்டு: பாடத்திட்டத்தைத் தோட்டக் கமிட்டியும் மாதர் கமிட்டியும் சேர்ந்து தீர்மானிக்க வேண்டும்.

மூன்று: நமது பேச்சுத் தமிழில், நமது வாழ்க்கை தெரிந்தவர்கள் நடத்த வேண்டும். நமது பிள்ளைகளில் ஆசிரியர்களும் தாதியரும் பட்டதாரிகளும் இருக்கிறார்கள்.

நான்கு: பங்குபற்றுவோரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும்.

நிர்வாகம் இணங்கும் வரை கைகட்டிக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. பாடசாலைக் கட்டடம் மாலையில் பூட்டிக் கிடக்கிறது. அதைத் திறந்து தருமாறு அதிபரிடம் பேசுவது ஆசிரியர்களாகிய எமது பொறுப்பு. சம்பளச் சிட்டையைக் கொண்டு வருவது உங்கள் பொறுப்பு. முதல் வகுப்பு அந்தச் சிட்டையை வாசிப்பது. இரண்டாவது, கழிவு ஏன் என்று கேட்டுப் பழகுவது. மூன்றாவது, மனம் உடைந்தவரிடம் எப்படிப் பேசுவது என்பது.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். வகுப்புக்கு வருவோரின் பெயர்ப் பட்டியலையும் அன்றே எழுதி, மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்பி வையுங்கள். பட்டியலின் முதல் பெயர் ஒரு கொழுந்தெடுக்கும் பெண்ணின் பெயராக இருக்கட்டும்.