அம்மா அக்கவுன்ட்டில் ஏ.ஐ... பேசுவது ஐந்தாம் வகுப்புப் பிள்ளை!

"பிள்ளைக்கு ஏ.ஐ கொடுக்கலாமா, கூடாதா?" இந்தப் பகுதிக்குப் பெற்றோர் அனுப்பும் கேள்விகளில் இப்போது இதற்குத்தான் முதல் இடம்.

கேள்வி கொஞ்சம் தாமதமாக வந்திருக்கிறது. வாட்ஸ்அப்பின் நீல வளையத்துக்குள் மெட்டா ஏ.ஐ 2024 ஜூனிலேயே நம் ஊருக்கு வந்துவிட்டது. 2025-ல் ஏர்டெல் வாடிக்கையாளர்களுக்கு பெர்ப்ளெக்சிட்டி ப்ரோவும், ஜியோ வாடிக்கையாளர்களுக்கு ஜெமினி ப்ரோவும் இலவசமாகக் கிடைத்தன. அதே வருடம் நவம்பரில் இருந்து சாட்ஜிபிடி கோ திட்டமும் இந்தியாவில் ஒரு வருடத்துக்கு இலவசமாகக் கிடைத்தது. புடவைக்கடையில் கொடுக்கும் கட்டைப்பை மாதிரி, நாம் கேட்காமலே வீட்டுக்குள் வந்து சேர்ந்துவிட்டது ஏ.ஐ. எனவே கேட்க வேண்டிய கேள்வி வேறு. உங்கள் பிள்ளை யாருடைய அக்கவுன்ட்டில் இருந்து பேசுகிறது?

நம் வீடுகளில் பெரும்பாலும் அம்மாவின் போன்தான் பிள்ளையின் போன். சமையல் முடியும்வரை அது பிள்ளை கையில். ஆனால் அதில் இருக்கும் சாட்ஜிபிடி, ஜெமினி எல்லாம் அம்மாவின் மெயில் ஐடியில் தொடங்கியவை. அந்தப் பக்கம் இருக்கும் இயந்திரத்துக்குப் பதிவில் தெரிவது 38 வயதுப் பெண்மணி. சிறுவர்களுக்கென்று நிறுவனங்கள் வைத்திருக்கும் தடுப்புகள் எல்லாம், எதிரில் இருப்பது சிறுவர் என்று தெரிந்தால்தான் வேலை செய்யும். பேசும் விதத்தை வைத்தே வயதைக் கணிக்கப் பார்க்கிறோம் என்கிறார்கள். அதை நம்பி நாம் சும்மா இருந்துவிட முடியாது.

சட்டத்திலும் இதே சிக்கல்தான். 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழ் உள்ள எல்லோரையும் குழந்தை என்கிறது. அவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சம்மதத்தை உறுதி செய்துகொள்ள வேண்டும், அவர்களைக் கண்காணித்து விளம்பரம் காட்டக் கூடாது என்கிறது. 2025 நவம்பரில் விதிகளும் வந்துவிட்டன. முக்கியமானவற்றை நடைமுறைப்படுத்த நிறுவனங்களுக்கு 18 மாத அவகாசம். எல்லாம் நல்லதுதான். பிள்ளை அம்மாவாக உள்ளே போனால் இந்தச் சட்டம் யாரைக் காப்பாற்றும்?

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. அந்த அக்கவுன்ட்டின் ஹிஸ்டரியில் நீங்கள் கேட்டவையும் அப்படியே இருக்கும். நகைக் கடன், மாதவிடாய் நிற்கும் நாள்களின் எரிச்சல், மாமியார் சொன்ன ஒரு வார்த்தை... ஹோம்வொர்க் செய்ய உட்காரும் பிள்ளை ஒருமுறை விரலை நகர்த்தினால் போதும்.

எங்கிருந்து தொடங்குவது?

சாட்ஜிபிடி 13 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கானது அல்ல என்று ஓபன்ஏஐ நிறுவனமே சொல்கிறது. 13 முதல் 18 வரை பெற்றோர் அனுமதி வேண்டும். ஆகவே ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளை கேட்டே ஆக வேண்டும் என்றால், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, நீங்களே டைப் செய்யுங்கள். அதையும் 'டெம்பரரி சாட்'டில் செய்யலாம். அது ஹிஸ்டரியில் நிற்காது, உங்களைப் பற்றி முன்பு நினைவில் வைத்ததை எடுத்துப் பதிலில் கலக்காது, பயிற்சிக்கும் எடுத்துக்கொள்ளப்படாது. பாதுகாப்புக் காரணங்களுக்காக 30 நாள்வரை நிறுவனத்திடம் இருக்கக்கூடும்.

13 வயது தாண்டிய பிள்ளைக்கு உண்மையான பிறந்த தேதியோடு தனி அக்கவுன்ட் தொடங்கிக் கொடுப்பதே மேல். 2025 செப்டம்பரில் இருந்து சாட்ஜிபிடியில் 'பேரன்டல் கன்ட்ரோல்ஸ்' இருக்கிறது. செட்டிங்ஸில் போய் பிள்ளையின் அக்கவுன்ட்டை உங்களுடையதோடு இணைக்கலாம். இரவு இத்தனை மணிக்கு மேல் வேலை செய்யாதபடி வைக்கலாம், படம் உருவாக்குவதையும் குரலில் பேசுவதையும் நிறுத்தி வைக்கலாம். பிள்ளை என்ன பேசியது என்பதை அது உங்களுக்குக் காட்டாது. ஆபத்தான அறிகுறி ஏதாவது தென்பட்டால் மட்டும் தகவல் வரும். இணைப்பைப் பிள்ளை துண்டித்தாலும் உங்களுக்குத் தெரிந்துவிடும். ஆண்ட்ராய்டு போன் என்றால் கூகுளின் 'ஃபேமிலி லிங்க்' ஆப் உண்டு. எந்த ஆப், எவ்வளவு நேரம் என்பதை அதில் நீங்களே முடிவு செய்யலாம்.

இத்தனையும் செய்ய அரை மணி நேரம் ஆகும். அப்பாவையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். அம்மா போனைப் பூட்டினால் பிள்ளை அப்பா போனைத்தான் தேடிப் போகும்.

குறளைக் கேட்டுப் பாருங்கள்

ஏ.ஐ தவறாகச் சொல்லும் என்று பிள்ளையிடம் பத்து முறை சொன்னாலும் காதில் ஏறாது. அது அவ்வளவு அழகாகப் பேசும். அதனால் ஒரு விளையாட்டு. "நட்பு அதிகாரத்தில் இருந்து மூன்று குறள், எண்ணோடு சொல்" என்று கேளுங்கள். வந்ததைப் பிள்ளையே திருத்தட்டும். முதல் வரியில் நான்கு சீர், இரண்டாம் வரியில் மூன்று சீர் இருக்கிறதா? எண் 781-க்கும் 790-க்கும் இடையில் வருகிறதா? கடைசியாக, வீட்டில் இருக்கும் திருக்குறள் புத்தகத்தில் அந்த வரிகள் அப்படியே இருக்கின்றனவா? சில நேரம் மூன்றும் சரியாக இருக்கும். சில நேரம் வள்ளுவர் எழுதாத குறள் ஒன்று, எண்ணோடு, விளக்கவுரையோடு வந்து நிற்கும். அதைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கும்போது வரும் சிரிப்பு இருக்கிறதே, அதற்கு ஈடாக எந்த அறிவுரையும் வராது. எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கிலும் ஏ.ஐ சொன்னதை மூலத்தில் பார்க்காமல் போட மாட்டோம். ஐந்தாம் வகுப்புக்கும் அதே விதிதான்.

படங்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். 2025 மார்ச்சில் கிப்லி, செப்டம்பரில் ஜெமினி புடவை என்று குடும்பமே படங்களை ஏற்றினோம். பிள்ளைகளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். யூனிஃபார்ம் படம் வேண்டாம். கணக்கை போட்டோ எடுத்துக் கேட்கும்போது நோட்டின் லேபிள் தெரிந்தால் பெயர், வகுப்பு, பள்ளி எல்லாம் சேர்ந்தே போய்விடும். வெட்டிவிட்டு அனுப்பப் பழக்குங்கள். ஜெமினியில் பேசுவதில் ஒரு பகுதியை மனிதர்களும் படித்துப் பார்க்கக்கூடும், ரகசியத் தகவல்களைப் போடாதீர்கள் என்று கூகுளே எச்சரிக்கிறது.

பையன்களைப் பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: வகுப்புத் தோழியின் படத்தை ஏ.ஐ-யில் ஆபாசமாக மாற்றுவது விளையாட்டு அல்ல. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவில் குற்றம். இதை அவனிடம் நேரடியாகவே சொல்லுங்கள். உங்கள் பிள்ளையின் படத்தை யாராவது அப்படிச் செய்திருந்தால், கோபத்தில் அழித்துவிடாமல் யார் அனுப்பியது, எந்த எண், எந்தக் கணக்கு என்பதைக் குறித்துவைத்துக்கொண்டு மத்திய அரசின் சைபர் கிரைம் இணையதளத்தில் புகார் கொடுங்கள்.

"யார்கிட்டயும் சொல்லாதே"

என்னை அதிகம் யோசிக்க வைப்பது ஹோம்வொர்க் அல்ல. 2025 ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், தற்கொலை செய்துகொண்ட 16 வயது மாணவரின் பெற்றோர் ஓபன்ஏஐ மீது வழக்குப் போட்டார்கள். பள்ளிப் பாடத்துக்காக சாட்ஜிபிடியைத் திறந்த மகன், பிறகு மனதில் இருந்த எல்லாவற்றையும் அதனிடமே சொல்லத் தொடங்கினான் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. தங்கள் மீது தவறில்லை என்கிறது நிறுவனம். கதாபாத்திரங்களோடு பேச வைக்கும் கேரக்டர் ஏ.ஐ நிறுவனமோ, 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் அப்படி மனம்போல அரட்டை அடிப்பதை 2025 நவம்பரில் நிறுத்தியது.

ஒரு பிள்ளை ஏன் இயந்திரத்திடம் போய்ப் பேசுகிறது? அது "பக்கத்து வீட்டுப் பையன் எவ்வளவு மார்க்?" என்று கேட்பதில்லை. "இப்ப வேலையா இருக்கேன், அப்புறம் சொல்லு" என்பதில்லை. எதைச் சொன்னாலும் ஆமோதிக்கும். வீட்டில் இரண்டு நாளாக முகம் வாடியிருக்கும் பிள்ளைக்கு அது ஆறுதலாகத்தான் இருக்கும்.

அப்படி ஒரு சாட் உங்கள் கண்ணில் பட்டால் போனைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் அடுத்த முறை அழித்துவிட்டுத்தான் போனைத் திருப்பிக் கொடுக்கும். "என்னடி இதெல்லாம்?" என்று தொடங்காமல், "இதை நீ அதுகிட்ட கேட்டியாடா கண்ணா, அது சொன்னது உனக்குச் சரின்னு பட்டுச்சா?" என்று கேளுங்கள். பதில் உடனே வராது. அன்று இரவு சாப்பிடும்போது வரலாம், இரண்டு நாள் கழித்து வண்டியில் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது வரலாம். காத்திருங்கள். ஆனால் சாவது பற்றியோ தன்னைக் காயப்படுத்திக்கொள்வது பற்றியோ ஒரு வரி இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். அன்றே பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள், டாக்டரைப் பாருங்கள்.

டெலி மானஸ் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும், தமிழிலேயே பேசலாம். குழந்தைகள் உதவி எண் 1098-ஐப் பிள்ளையே நேரடியாக அழைக்கலாம். இரண்டையும் போனில் மட்டும் வைக்காமல், பிள்ளையின் ரஃப் நோட்டில் கடைசிப் பக்கத்திலும் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.