யாருக்கு அவசியம்?

ஆங்கில இலக்கணம் கற்கும் மாணவர் தொடக்க வகுப்பிலேயே சந்திக்கும் சிறு சொற்களுள் ஒன்று 'இட்'. பண்டாரவளையின் பனிக்காலத்தில் ஒரு மாணவி 'இட் இஸ் கோல்ட்' என எழுதுகையில், அச்சொல் எப்பொருளையும் சுட்டுவதில்லை. எழுவாயின்றி வாக்கியம் அமைதல் ஆங்கிலத்துக்கு ஆகாது. ஆதலின் வெற்றிடத்தை நிரப்ப நிறுத்தப்பட்ட பொம்மை எழுவாய் அது. தமிழுக்கு அப்பொம்மை வேண்டியதில்லை. 'குளிர்கிறது' என்றாலே வாக்கியம் முற்றும். 'எனக்குக் குளிர்கிறது' என்றால் குளிரை உணர்பவரும் வாக்கியத்தினுள் வந்துவிடுகிறார்.

வானிலையைப் பேசும்வரை இவ்வேறுபாடு தீங்கற்றது. 'நெசசரி', 'டிசயரபிள்', 'ரிக்ரெட்டபிள்' முதலிய பெயரடைகள் அப்பொம்மையோடு சேரும்போதே நிலைமை மாறுகிறது. 'இட் இஸ் நெசசரி டு ரிப்பேர் த லைன்ஸ்' என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளலாம். லயங்களைத் திருத்துவது அவசியமாம். யார் திருத்துவது? வாக்கியம் வாய் திறக்கவில்லை. 'ரிக்ரெட்டபிள்' என்றால் வருந்தத்தக்கது. வருந்துபவர் யார்? அவரும் அங்கில்லை.

பொருளுடைய தொடர் வாக்கியத்தின் இறுதிக்குத் தள்ளப்படும் இவ்வமைப்பை டென்மார்க்கு அறிஞர் ஓட்டோ யெஸ்பர்சன் ஆராய்ந்து பெயரிட்டார். தொடர் இறுதிக்குச் செல்வது இலக்கணம். ஆனால், செயலுக்குப் பொறுப்பானவர் வாக்கியத்தைவிட்டே வெளியேற்றப்படுவது இலக்கணமன்று. அது வெறும் வழக்கம். 'ஃபோர்' என்னும் இடைச்சொல்லால் ஆளைக் குறிக்க ஆங்கிலம் தாராளமாக இடம் தருகிறது. 'இட் இஸ் நெசசரி ஃபோர் த மேனேஜ்மென்ட்' என்று எழுதுவதை எந்த விதியும் தடுக்கவில்லை. இருந்தும் ஆளில்லாத வடிவத்தையே கண்ணியமான ஆங்கிலமெனப் பாடநூலும் அலுவலகமும் பழக்கிவிட்டன. அவ்வழக்கத்தை இலக்கணமெனக் கற்பிப்பதே இங்கு மறுக்கப்படுகிறது.

நடுநிலையான எழுத்துக்கு இவ்வமைப்பு இன்றியமையாதது என்பர் சிலர். அக்கூற்றில் பாதி உண்மை உண்டு. 'மழை பெய்யக்கூடும்' என்பதைச் சொல்லும் 'லைக்லி' என்ற பெயரடைக்குப் பொறுப்பாளி தேவையில்லை. மேகத்திடம் எவரும் கணக்குக் கேட்பதில்லை. 'அவசியம்', 'விரும்பத்தக்கது' என்பன அத்தகையன அல்ல. அவசியம் என்பது எவருக்கோ, எவராலோ நிறைவேற வேண்டியது. இவ்விருவகையையும் ஒரே தட்டில் வைப்பது நடுநிலையாகாது.

இதன் விலை எத்தகையது என்பதற்கு ஊவா மாகாணமே சான்று. பதுளை மாவட்டத்தின் கொஸ்லாந்தை, மீரியபெத்தை தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் காலை மலை சரிந்து லயங்களை மூடியது. அப்பகுதி அபாயமானது என்றும், மக்கள் வேறிடத்தில் குடியமர்த்தப்பட வேண்டும் என்றும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 ஆம் ஆண்டிலும் 2011 ஆம் ஆண்டிலும் எச்சரித்திருந்தது. அவ்வெச்சரிக்கை எச்சொற்களால் எழுதப்பட்டது என்பது இங்கு வாதமன்று. அதன் முடிவு ஆளில்லா வாக்கியத்தின் முடிவாகவே இருந்தது என்பதே வாதம். குடியமர்த்தல் அவசியம் என்பதை யாரும் மறுக்கவில்லை. குடியமர்த்துபவர் யார் என்பதே வெற்றிடமாகக் கிடந்தது. 1975 இல் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் நிருவாகம் கம்பனிகளின் கைக்குச் சென்றது. நிலம் ஒருவரிடம், நிருவாகம் மற்றொருவரிடம், உயிர் மட்டும் தொழிலாளியிடம். இத்தகைய இடத்தில் 'அவசியமாகும்' என்று முடியும் வாக்கியம் ஒவ்வொருவரும் மற்றவரைப் பார்ப்பதற்கே வழி செய்யும்.

தமிழ் தூயது, ஆங்கிலம் வஞ்சகமானது என்று முழங்குவது பேதைமை. அலுவலகத் தமிழும் இக்கலையில் தேர்ந்துவிட்டது. 'கருதப்படுகிறது', 'விரும்பத்தக்கதாகும்', 'ஆவன செய்யப்படும்' என்பன ஆங்கிலப் பொம்மையின் தமிழ் உடைகளே. 1987 இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆயினும், தோட்டத்துக் குடும்பத்தின் கையை வந்தடையும் கடிதம் தமிழில் இருந்தால் மட்டும் போதாது. அதில் ஆள் இருத்தல் வேண்டும். தமிழில் அதற்குரிய கருவி நான்காம் வேற்றுமை. கொடைக்கும் தகுதிக்கும் பொருட்டுக்கும் நன்னூலார் வகுத்த அவ்வுருபு உரிமையுடையவரைச் சுட்டும், கடமையுடையவரையும் சுட்டும். 'லயங்களைத் திருத்துதல் அவசியம்' என்பது செய்தி. 'லயங்களைத் திருத்தும் கடமை நிருவாகத்துக்கு உண்டு' என்பது வழக்காடக்கூடிய கூற்று.

ஆகவே, பதுளையிலும் பசறையிலும் அப்புத்தளையிலும் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர் இவ்வமைப்பைக் கற்பிக்கும்போதே 'ஃபோர் ஹூம்' என்ற வினாவையும் உடன் கற்பித்தல் வேண்டும். மொழிபெயர்ப்பாளர் மூலத்தில் ஆள் இல்லையெனில் அனுப்பியவரிடமே கேட்டு எழுதுதல் வேண்டும். பல்கலைக்கழகத்திலிருந்து மலையகத்துக்கு ஆசிரியராகவும் அலுவலராகவும் செல்லவிருக்கும் மாணவருக்கு இதில் தனிப்பொறுப்பு உண்டு. கொழுந்தின் நிறைக்குக் கணக்கு வைக்கும் தோட்டத்தில் வாக்கியத்தின் பொறுப்புக்கும் கணக்கு வேண்டும். ஆளில்லாத வாக்கியம் கைக்கு வரும்போதெல்லாம் அதன் ஓரத்தில் எழுத வேண்டிய குறிப்பு இரண்டே சொற்கள்: யாருக்கு? யாரால்?